கீழே நிற்கிறவர்

சிலருக்கு ஸ்டாம்ப் சேர்க்கிற பைத்தியம். சிலருக்குக் கிரிக்கெட் பைத்தியம். எனக்கு ரோலர் கோஸ்டர் பைத்தியம்.

வெளியூர் போனால் மற்றவர்கள் நல்ல ஓட்டல் எங்கே, பட்டுப்புடவை எங்கே என்று விசாரிப்பார்கள். நான் ஆட்டோக்காரரிடம், ‘இங்கே பெரிய ரைடு இருக்கிற பார்க் ஏதாவது இருக்கா?’ என்று கேட்பேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ‘பசங்க பின்னாடி வர்றாங்களா சார்?’ என்பார். எனக்கு வயது 58. பாதித் தலை வழுக்கை. பசங்க யாரும் பின்னாடி வரவில்லை.

என் மனைவிக்கு இது முப்பது வருஷமாகப் புரியாத சங்கதி. “குன்னூர்ல பொறந்து வளர்ந்தவர் நீங்க. மேட்டுப்பாளையம் ரோட்ல ஏறி இறங்கினது பத்தலையா? காசு குடுத்து வேற தலைகீழாத் தொங்கணுமா?”

நியாயமான கேள்விதான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு பஸ்ஸில் ஏறினால் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டிக்கும் மசினகுடிக்கும் நடுவில் கல்லட்டி மலைப்பாதையில் 36. கையில் எலுமிச்சம்பழத்தை வைத்து முகர்ந்துகொண்டே வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் பஸ்ஸில் வருகிற பயம் நாம் கேட்காமல் வருவது. அதில் சந்தோஷம் கிடையாது, வாந்தி மட்டும்தான். ரோலர் கோஸ்டரில் வருகிற பயம் நாமே வரிசையில் நின்று, டிக்கெட் வாங்கி, பெல்ட் போட்டுக்கொண்டு வரவழைப்பது. இரண்டும் ஒன்றா?

உண்மையில் என் பைத்தியத்துக்கு பஸ் காரணம் இல்லை. ரயில்.

என் அப்பா நீலகிரி மலை ரயிலில் பிரேக்ஸ்மேன்.

ஊட்டி ரயிலில் நீங்கள் போயிருப்பீர்கள். போகாவிட்டாலும் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். ‘மூன்றாம் பிறை’ கடைசிக் காட்சியில் கமல் மழையில் நிற்பாரே, அது கேத்தி ஸ்டேஷன். ‘உயிரே’ படத்தில் ஓடுகிற ரயிலின் கூரை மேல் ஆடுவார்களே, அதுவும் இந்த ரயில்தான். 1899-இல் குன்னூர் வரைக்கும் வந்து, 1908-இல் ஊட்டி வரைக்கும் போனது. 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மொத்தம் 46 கிலோமீட்டர். அதற்குள் 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள். கல்லாறு தாண்டியதும் செங்குத்து ஆரம்பம். பன்னிரண்டு அடி போனால் ஒரு அடி ஏற்றம். சாதாரண ரயிலாக இருந்தால் சக்கரம் வழுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றும். அதற்காகத்தான் தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இரண்டு இரும்புப் பட்டைகள். எஞ்சினின் பல் சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். ஒரு பட்டையில் பல் இருக்கிற இடத்தில் பக்கத்துப் பட்டையில் பள்ளம் இருக்கும். எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு பல் பிடியில் இருக்க வேண்டும் என்பதற்காக. இதைக் கண்டுபிடித்தவர் ரோமன் ஆப்ட் என்கிற சுவிட்சர்லாந்துக்காரர். அந்த நாட்டுப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இன்னொரு விசேஷம். மலை ஏறும்போது எஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னால் இருந்து தள்ளும். கீழ்ப்பக்கம் எப்போதும் எஞ்சின்தான். அது தவிர, ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் திறந்த ஒரு சின்ன மேடை. அதில் ஒரு ஆள். அவர்தான் பிரேக்ஸ்மேன். எஞ்சினில் விசில் அடித்தால் அதன் அர்த்தம் புரிந்து, அவரவர் பெட்டியின் பிரேக்கை அவரவர் போட வேண்டும், அவரவர் எடுக்க வேண்டும். மழை, பனி, எஞ்சின் புகை எல்லாம் அவருக்குத்தான். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் அருவியைப் பார்ப்பார்கள், குரங்கைப் பார்ப்பார்கள், குகைக்குள் போனதும் ‘ஓ’ என்று கத்துவார்கள். வெளியே நிற்கிற ஆளை யாரும் பார்க்க மாட்டார்கள்.

அப்பா ஒரு வரி சொல்லுவார். “ஏத்தறது நெருப்பு வேலை கண்ணு. இறக்கறதுதான் மனுசன் வேலை.”

சின்ன வயதில் பாஸில் எத்தனையோ முறை அந்த ரயிலில் போயிருக்கிறேன். ஏறும்போது கீழே பல் சக்கரம் கவ்வுகிற கடகடவென்ற சத்தம் வயிற்றுக்குள் கேட்கும். மணிக்கு 13 கிலோமீட்டர் வேகம்தான். ஆனாலும் ‘இப்போது விட்டுவிட்டால் என்ன ஆகும்?’ என்று ஒரு நினைப்பு ஓடும். விடவே மாட்டார்கள் என்றும் தெரியும். ஏனென்றால் வெளியே நிற்பது அப்பா. அந்த இரண்டு நினைப்பும் சேர்ந்து வந்தால் ஒரு குறுகுறுப்பு வரும் பாருங்கள், அதைத்தான் அப்புறம் முப்பது வருஷமாக டிக்கெட் வாங்கித் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ரோலர் கோஸ்டரும் ஒரு வகையில் மலை ரயிலின் பிள்ளைதான். ரஷ்யாவில் பனிக்கட்டிச் சறுக்கு மரங்கள் இருந்தன என்பார்கள், அது வேறு தாய்வழி. தகப்பன் வழி அமெரிக்கா. பென்சில்வேனியாவில் மாச் சங்க் என்ற ஊரில் 1827-இல் மலையிலிருந்து நிலக்கரி இறக்க ஒரு தண்டவாளம் போட்டார்கள். எஞ்சின் கிடையாது. பாரம் ஏற்றிய வண்டி தன் எடையிலேயே கீழே ஓடிவரும். காலி வண்டிகளை மேலே இழுத்துப் போகக் கோவேறு கழுதைகள். இறங்கும்போது அந்தக் கழுதைகளும் ஒரு வண்டியில் நின்றபடி சொகுசாக வரும். பின்னாளில் நிலக்கரிக்கு வேறு வழி வந்துவிட, ஊரார் காசு கொடுத்து அந்த வண்டியில் சறுக்கிவர ஆரம்பித்தார்கள். அதன் வழியில் 1884-இல் நியூயார்க் கோனி ஐலண்டில் லாமார்கஸ் தாம்ஸன் என்பவர் சின்னதாக ஒன்று கட்டி, ஆளுக்கு ஐந்து சென்ட் வாங்கினார். வேகம் மணிக்கு சுமார் பத்து கிலோமீட்டர். நம் ஊட்டி ரயிலைவிட மெதுவு! அதற்கே கூட்டம் அலைமோதியது.

நான் முதலில் ஏறியது 1996-இல், சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பார்க். பெயர் வேண்டாம். கழுத்து இரண்டு நாள் திரும்பவில்லை. ஆபீசில் யாராவது கூப்பிட்டால் நாற்காலியோடு திரும்பினேன். ஆனால் மேலே ஏறும்போது சங்கிலியில் ‘டக் டக் டக்’ என்று சத்தம் வந்ததே, அது எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். வண்டி பின்னால் வழுக்கிவிடாமல் இருக்க ஒவ்வொரு பல்லாக ஒரு கொக்கி விழுந்துகொண்டே போகிற சத்தம். மலை ரயிலில் கேட்ட சத்தத்துக்குத் தம்பி முறை.

அன்றைக்கு அப்பாவும் கூட வந்திருந்தார். ஓய்வு பெற்ற வருஷம். மே மாதச் சென்னை வெயிலில் பழக்கதோஷத்தில் அரைக்கை ஸ்வெட்டர். எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. “நீ போய்ட்டு வா சாமி, நான் செருப்பைப் பார்த்துக்கறேன்” என்று என் செருப்பையும் பையையும் வாங்கிக்கொண்டு கீழே நின்றார். நான் தள்ளாடிக்கொண்டு இறங்கி வந்ததும் கேட்டார்: “இதுக்கு எத்தனை ரூபா?” சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “ஜனங்க பயப்படாம எறங்கோணும்னு எனக்குச் சம்பளம் குடுத்தாங்க. நீ பயப்படறதுக்குக் காசு குடுக்கறே. நடத்து” என்றார்.

அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒன்றிரண்டு. என் அபிப்பிராயங்களைச் சொல்கிறேன், பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் விஷயம், உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். போர்டில் எத்தனை அடி என்று போட்டிருப்பது விளம்பரம். வயிற்றுக்குள் ஒரு நொடி எடை இல்லாமல் போகிறதே, சீட்டிலிருந்து நாம் லேசாக எழும்புகிறோமே, அதுதான் சரக்கு. சின்ன மேட்டில்கூட அது கிடைக்கும். வளைவைப் போட்டவன் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எழும்பி வெளியே போய்விட மாட்டோமா என்று கேட்பீர்கள். மாட்டோம். வண்டிக்குச் சக்கரம் மேலே மட்டும் இல்லை, பக்கவாட்டிலும் உண்டு, தண்டவாளத்துக்கு அடியிலும் உண்டு. மூன்று பக்கமும் பிடித்திருக்கும். அடிச்சக்கரத்துக்கு 1919-இல் அமெரிக்காவில் ஜான் மில்லர் என்பவர் பேடண்ட் வாங்கினார். அந்தப் புண்ணியவானால்தான் மேடு பள்ளமெல்லாம் தைரியமாகக் கட்ட முடிந்தது.

இரண்டாவது, உட்காரும் இடம். எல்லோரும் முதல் வரிசைக்கு அடித்துக்கொள்கிறார்கள். முதல் வரிசை கண்ணுக்கு. கடைசி வரிசை வயிற்றுக்கு. வண்டியின் தலை கீழே பாய ஆரம்பித்த பிறகுதான் வால் உச்சியைத் தாண்டும். அதற்குள் வேகம் பிடித்திருக்கும். நம்மை உச்சியிலிருந்து பிடுங்கி எறிவது மாதிரி இருக்கும். ஒரே டிக்கெட், இரண்டு அனுபவம்.

மூன்றாவது, தலைகீழ்ச் சுற்று. அதைக் கவனித்துப் பாருங்கள், வட்டமாக இருக்காது. கண்ணீர்த்துளி மாதிரி மேலே குறுகி, கீழே அகன்று இருக்கும். 1895 வாக்கில் கோனி ஐலண்டில் சரியான வட்டமாக ஒன்று போட்டார்கள். ஏறினவர்களுக்குக் கழுத்து போயிற்று. எண்பது வருஷம் கழித்து, 1976-இல் கலிபோர்னியாவில் ‘ரெவல்யூஷன்’ என்று ஒன்று வந்தது. வெர்னர் ஸ்டெங்கல் என்ற ஜெர்மன் என்ஜினீயர் கணக்குப் போட்டு, அந்தத் துளி வடிவத்தைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகுதான் ஜனங்கள் சிரித்துக்கொண்டே தலைகீழாகப் போனார்கள்.

நம் நாட்டில் எனக்குப் பிடித்தது, மும்பையிலிருந்து புனே போகிற வழியில் கோப்போலி பக்கம் இமேஜிகாவில் இருக்கிற ‘நைட்ரோ’. பார்க் 2013-இல் திறந்தது. காலுக்குக் கீழே தரை கிடையாது. சுமார் 40 மீட்டர் உயரம், மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகம், ஐந்து முறை தலைகீழ். இவ்வளவுக்கும் கழுத்தில் ஒரு இடி இல்லை. வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போகும். இறங்கி வந்து யார் செய்தது என்று பார்த்தேன். பாலிகர் அண்ட் மபிலார்ட். எந்த ஊர்க் கம்பெனி? சுவிட்சர்லாந்து! ஆப்ட் ஊர்க்காரர்கள். ஊட்டி ரயிலுக்குப் பல் வைத்தவர்கள் அந்த ஊர், நமக்கு எஞ்சின் செய்து அனுப்பிய வின்டர்தூர் தொழிற்சாலை அந்த ஊர், இதுவும் அந்த ஊர். மலையில் பிறந்தவனுக்குத்தான் சரிவின் அருமை தெரியும் போல.

பெங்களூரு வொண்டர்லாவில் ‘ரிகாயில்’ வேறு ரகம். முதலில் பின்பக்கமாக மேலே இழுத்துக்கொண்டுபோய் விட்டுவிடும். மூன்று முறை தலைகீழாகச் சுற்றி எதிர்ப்பக்கம் ஏறும். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் வந்த வழியே பின்பக்கமாக மறுபடி மூன்று சுற்று. போகிற இடம் கண்ணுக்குத் தெரியாமல் போவது எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால் அதில் ஏறலாம்.

2015-இல் அப்பாவை அங்கே அழைத்துப் போனேன். அவருக்கு அப்போது 77 வயது. வழக்கம்போலச் செருப்பு காவல். ஆனால் இந்த முறை அவர் சும்மா நிற்கவில்லை. நான் வரிசையில் நின்ற முக்கால் மணி நேரமும் கம்பிவேலி ஓரமாக நின்று, வண்டி உள்ளே வந்து நிற்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே ஒரு விஷயம் நடந்தது. எனக்கு முன்னால் ஒரு சின்னப் பையன். உயரம் பார்க்கிற கம்பத்தருகே வந்ததும் குதிகாலைத் தூக்கி நின்றான். அவன் அப்பா சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், பக்கத்தில் நின்று கண் அடித்தார். யூனிபார்ம் போட்ட பணியாள் பையன் சிரித்துக்கொண்டே சிறுவனின் தோளில் கையை வைத்து அழுத்தினான். இரண்டு விரல்கடை குறைந்தது. “அடுத்த வருஷம் வா தம்பி” என்றான். அந்த அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. எவ்வளவு காசு கொடுத்து வந்திருக்கிறோம், ரெண்டு இஞ்ச்சுக்கு என்ன ஆகிவிடும் என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் சத்தம் போட்டார்.

முன்பின் தெரியாதவர்களிடம் பேசாத என் அப்பா, வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தபடியே கூப்பிட்டார். “ஏனுங் தம்பி, கோவிச்சுக்காதீங்க. அந்தப் பையன்தானுங்களே உங்க பையனுக்கு பிரேக் போடப் போறான்? அவன்கிட்டயே பொய் சொல்லலாங்களா?”

அந்த மனிதர் ஒன்றும் பேசாமல் மகனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் இறங்கி வந்து, “எப்படிப்பா இருந்துச்சு பாக்க?” என்று கேட்டேன். எல்லோரையும் போல ‘பயமா இருக்கு’ என்பார் என்று நினைத்தேன். “பிரேக் நல்லா இருக்கு” என்றார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது, பேச்சுவாக்கில் நான் விளக்கினேன். பெரிய ரோலர் கோஸ்டர்களில் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்திருப்பார்கள், ஒரு துண்டில் ஒரு வண்டிதான் இருக்கலாம், முன்வண்டி நகராவிட்டால் பின்வண்டி தானாக நின்றுவிடும் என்று. “அது எங்க ரயில்வே சமாச்சாரம்தானே, பிளாக்” என்றார். கரண்ட் போனால்கூட பிரேக் திறக்காது, மூடிக்கொள்ளும் என்றேன். “அதான் பிரேக்கு. குழாய் அறுந்தா வண்டி நிக்கோணும், ஓடக் கூடாது” என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அதுவரை வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

ஒரு ஐப்பசி மழை. குன்னூரிலிருந்து வண்டி இறங்குகிறது. வளைவு திரும்பியதும் தண்டவாளத்தில் மண்ணும் பாறையும். எஞ்சினில் விசில் வந்தது. நான்கு பெட்டியிலும் நான்கு பேர் பிரேக்கைச் சுற்றினார்கள். கை நழுவுகிறது, மழை. பாறைக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி நின்றது. எவ்வளவு முன்னால் என்று கேட்டேன். சொல்லவில்லை. “நின்னுச்சு” என்றார். நின்றதும் உள்ளேயிருந்து ஒருவர் தலையை நீட்டி, “என்னங்க, இங்க டீ கிடைக்குமா?” என்று கேட்டாராம். “இல்லீங்க, கொஞ்சம் லேட்டாகும்னு சொன்னேன். அப்ப உங்கம்மா வயித்துல நீ.”

எங்கள் மலையில் இருப்பவர்களுக்கு இது கதை இல்லை. 1993 நவம்பரில் மரப்பாலம் பக்கம் மலை சரிந்து எத்தனையோ பேர் போனார்கள். 2009 நவம்பரில் மாவட்டம் முழுக்கச் சரிவு. வருஷா வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் ரயில் ரத்து என்று செய்தி வருவது சகஜம். அப்பா அதைச் சொன்ன விதத்தில்தான் எனக்குச் சங்கடமாகிவிட்டது. நான் இருபது வருஷமாகக் காசு கொடுத்து வாங்கியது எல்லாம் அதன் பொம்மை.

அப்பா 2017-இல் போய்விட்டார்.

மறு வருஷம் அக்கா மகனைப் பார்க்க மெல்பர்ன் போனேன். அங்கே லூனா பார்க்கில் ‘சீனிக் ரயில்வே’ என்று மரத்தில் கட்டிய ரோலர் கோஸ்டர் ஒன்று இருக்கிறது. 1912-இல் திறந்தது. நம் ரயில் ஊட்டிக்குப் போய் நாலு வருஷம் கழித்து. வேகமும் பெரிதாக இல்லை, தலைகீழும் கிடையாது. மேலே போனால் கடல் தெரியும். ஏறி உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். வண்டியின் நடுவில் ஒரு ஆள் நிற்கிறான். எல்லோரும் உட்கார்ந்திருக்க, அவன் மட்டும் நின்றபடி, கையில் பிரேக் நெம்புகோல். அந்தக் காலத்து ரைடு ஆனதால் பிரேக் பாதையில் இல்லை, வண்டியில்தான் இருக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போது விடுகிறான், வளைவு வருமுன் பிடிக்கிறான். இருபது வயதுதான் இருக்கும். சுற்றிலும் எல்லோரும் கையைத் தூக்கிக் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பி அவன் கையைப் பார்த்தபடியே மூன்று நிமிஷமும் உட்கார்ந்திருந்தேன். இறங்கியதும் ‘தேங்க்யூ’ என்றேன். அவன் தினம் நூறு பேரிடம் கேட்கிற மாதிரி தலையை ஆட்டினான். இதுவரை ஏறியதில் எது நம்பர் ஒன் என்று யாராவது கேட்டால், நைட்ரோ என்று வாய் சொல்லும். மனசு அதைத்தான் சொல்லும்.

ரைடு என்றாலே ஆபத்துதானே என்று கேட்பவர்கள் உண்டு. கவனமாக நடத்தினால் இல்லை. கவனம் தப்பினால் உண்டு. 2016 மே மாதம் தாம்பரம் பக்கத்தில் கிஷ்கிந்தாவில் புதிதாக வந்த ரைடு ஒன்றைச் சோதித்துப் பார்க்கும்போது விபத்து. ஊழியர் ஒருவர் இறந்தார், சிலருக்குக் காயம். டிக்கெட் வாங்கி வந்தவர்கள் யாரும் இல்லை, அங்கே வேலை பார்த்தவர்கள். அந்தச் செய்தியைப் படித்த நாள் முதல் எந்தப் பார்க்குக்குப் போனாலும் ஒரு பழக்கம். ஏறுவதற்கு முன் ரைடைப் பார்க்க மாட்டேன். ரைடை நடத்துகிற பிள்ளைகளைப் பார்ப்பேன். ஒவ்வொரு சீட்டின் பெல்ட்டையும் கையால் இழுத்துப் பார்க்கிறானா? அல்லது பக்கத்தில் இருப்பவனோடு பேசிக்கொண்டே கட்டை விரலைத் தூக்குகிறானா? இரண்டாவது என்றால் வந்த வழியே திரும்பிவிடுவேன். டிக்கெட் காசு போனால் போகிறது.

2022-இல் எனக்கு மார்பில் ஒரு வலி. ஸ்டென்ட் வைத்தார்கள். மணிக்கட்டு வழியாகவே போய் வைத்துவிட்டார்கள், வெளியே ஒரு தழும்பு கிடையாது. டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டரிடம் உப்பு, எண்ணெய், மாடிப்படி எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் மெதுவாக, “ரோலர் கோஸ்டர்?” என்றேன். ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டு, “வேண்டாம்” என்றார்.

மூன்று வருஷம் ஒழுங்காகத்தான் இருந்தேன். 2025 டிசம்பரில் சென்னைக்கே வந்துவிட்டது. திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா திறந்தார்கள். அதில் ‘தஞ்சோரா’ என்று ஒரு ரோலர் கோஸ்டர். தண்டவாளம் தலைக்கு மேலே, நாம் அதற்குக் கீழே கால்கள் தொங்கத் தொங்கப் போக வேண்டும். செய்தவர்கள் பாலிகர் அண்ட் மபிலார்ட். அவர்களுடைய இந்த வகை ரைடு இந்தியாவுக்கு இதுதான் முதல். தமிழ்நாட்டு மண்ணில், அதுவும் என் சுவிட்சர்லாந்துக்காரர்கள்! குன்னூரில் உட்கார்ந்துகொண்டு செய்தியைப் படித்த எனக்குத் தூக்கம் வரவில்லை.

பொங்கலுக்கு மகள் வீட்டுக்குப் போகிற சாக்கில் போனேன். மகள் பழைய மகாபலிபுரம் ரோட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். என் பைத்தியத்தில் பாதி அவளுக்கு இறங்கியிருக்கிறது. “நீங்க சும்மா பாக்க மட்டும்தாம்பா” என்று வண்டியிலேயே சொல்லிவிட்டாள். சரி என்றேன். ஆனால் அருகே போனதும், தலைக்கு மேல் அந்த வண்டி கால்களை ஆட்டிக்கொண்டு பறந்ததும், நான் என்னையறியாமல் அவளோடு வரிசையில் நின்றிருந்தேன். அவள் முறைத்தாள். “வாசல் வரைக்கும்தான்” என்றேன்.

வரிசை நகர நகர, எனக்குள் ஒரு வக்கீல் பேச ஆரம்பித்தார். மூன்று வருஷமாகிவிட்டது. தினம் நடக்கிறேன். இரண்டு நிமிஷ விஷயம். இதற்கு மேல் வயதாகும், குறையாது.

வாசலில் வழக்கமான போர்டு. கர்ப்பிணிகள், முதுகுவலிக்காரர்கள், இருதயக் கோளாறு உள்ளவர்கள் ஏற வேண்டாம். அதன் பக்கத்தில் யூனிபார்ம் போட்ட ஒரு பையன். இருபத்திரண்டு வயது இருக்கும். ஒவ்வொரு சீட்டாக இழுத்துப் பார்த்துவிட்டு வந்து நின்றவன், என் நரையைப் பார்த்து மரியாதையாகக் கேட்டான்: “சார், பி.பி., ஹார்ட் பிராப்ளம் ஏதாவது இருக்குங்களா?”

‘இல்லை’ என்று ஒரு வார்த்தை. சட்டையைக் கழற்றிப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. மகள் ஒன்றும் சொல்லவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனைப் பார்த்தேன். கண்ணில் தூக்கமில்லை, கையில் உராய்ந்த கறுப்பு. இவன்தான் பிரேக் போடுவான்.

“இருக்குப்பா. ஸ்டென்ட் வெச்சிருக்கு” என்றேன்.

“அப்ப வேண்டாங்க சார்” என்றான், அவனே தப்பு செய்துவிட்ட மாதிரி. “அந்தப் பக்கம் நின்னா நல்லாத் தெரியும்.”

மகள் செருப்பைக் கழற்றினாள். கண்ணாடி, போன், கைப்பை. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அவன் காட்டிய பக்கம் போனேன். எனக்கு முன்னாலேயே அங்கே ஒரு கூட்டம் நின்றது. மூட்டுவலி அம்மாக்கள், கைக்குழந்தைக்காரர்கள், ஐந்து ஜோடி செருப்போடு ஒரு தாத்தா. இத்தனை வருஷம் எத்தனை பார்க் பார்த்திருக்கிறேன், இந்தக் கூட்டத்தை நான் கவனித்ததே இல்லை. கீழே நின்று பார்ப்பது லேசு என்று நினைத்திருந்தேன். மேலே இருப்பவர்களுக்கு இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. கீழே நிற்பவருக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு ஜோடிக் காலைத் தேட வேண்டியிருக்கிறது. அப்பா அன்று அந்தச் சென்னை வெயிலில் ஸ்வெட்டரோடு நின்றது இதற்குத்தான் போல.

வண்டி வந்து நின்றது. எங்கும் இடிக்காமல், ஒரு பெருமூச்சு மாதிரி சத்தத்தோடு.

மகள் தலைமுடி கலைந்து, முகம் சிவந்து ஓடி வந்தாள். “போர் அடிச்சுதாப்பா?”

“இல்ல. பிரேக் நல்லா இருக்கு” என்றேன்.

“தாத்தா மாதிரியே பேசாதீங்க” என்று சிரித்தாள். பிறகு வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். “கூட்டம் கம்மியாத்தான் இருக்கு. இன்னொரு தரம் போயிட்டு வரட்டுமா?”

காலில் மாட்டப்போன செருப்பை அவள் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டேன்.

“போயிட்டு வா சாமி. கடைசி வரிசையில உட்காரு.”